ஹாஃப் மெட்டல் காந்தங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி. பிராஜெக்ட்டுக்கு ஹாய்ஸ்லர் அலாய் எடுத்துக்கொண்டவர்களும், பிஎச்.டி. முதல் வருடத்தில் ஸ்பின்ட்ரானிக்ஸ் (எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு அதன் ஸ்பினையும் பயன்படுத்தும் மின்னணுவியல்) என்று தலைப்பு கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். ஆற்றல் பட்டை, ஃபெர்மி மட்டம் இந்த இரண்டும் பிளஸ் டூ அளவுக்கு ஞாபகம் இருந்தால் போதும்.

ஹாஃப் மெட்டல் என்றால் பாதி உலோகம். சரி, மீதிப் பாதி என்ன?

மீதிப் பாதி குறைகடத்தி. ஆனால் இடத்தால் பிரிந்த பாதி இல்லை, ஸ்பினால் பிரிந்த பாதி. இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெர்மி மட்டத்தில் அப் ஸ்பின் எலக்ட்ரானுக்கும் இடம் உண்டு, டவுன் ஸ்பின் எலக்ட்ரானுக்கும் இடம் உண்டு, அதனால் மின்சாரம் ஓடும்போது இரண்டும் கலந்தே ஓடும். ஹாஃப் மெட்டலில் ஒரு ஸ்பினுக்கு மட்டும்தான் ஃபெர்மி மட்டத்தில் இடம் இருக்கிறது. இன்னொரு ஸ்பினுக்கு அங்கே ஆற்றல் இடைவெளி. அதே படிகம், அதே அணுக்கள், ஆனால் அப் எலக்ட்ரானைக் கேட்டால் இது செம்பு மாதிரி என்று சொல்லும், டவுன் எலக்ட்ரானைக் கேட்டால் காலியம் ஆர்சனைடு மாதிரி என்று சொல்லும். ஓடுகிற மின்னோட்டம் முழுக்க ஒரே ஸ்பின், கொள்கை அளவில் 100 சதவீதம்.

இந்த 100 சதவீதத்தைக் காந்தமாக்கலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வைவாவில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஸ்பின் போலரைசேஷன் என்பது ஃபெர்மி மட்டத்தில் மட்டும் எண்ணிப் பார்க்கிற கணக்கு. அப்பிலிருந்து டவுனைக் கழித்து, மொத்தத்தால் வகுப்பது. காந்தத் திருப்புத்திறன் என்பது ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே நிரம்பியிருக்கிற எல்லா எலக்ட்ரான்களின் கணக்கு. இரும்புக்கு அணு ஒன்றுக்கு 2.2 போர் மேக்னட்டான் (அணு அளவில் திருப்புத்திறனின் அலகு), நிக்கலுக்கு வெறும் 0.6. ஆனால் அளந்து பார்த்தால் இரண்டின் ஸ்பின் போலரைசேஷனும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில். பலமான காந்தம் வேறு, சுத்தமான ஸ்பின் வேறு.

தமிழில் "அரை உலோகம்" என்று எழுதலாமா?

நான் எழுத மாட்டேன். பாடப்புத்தகத்தில் உலோகப்போலி என்று வருவது சிலிக்கன், ஆர்சனிக் வகையறா. பிஸ்மத், கிராஃபைட் இவற்றைச் சொல்லும் செமி மெட்டல் என்ற இன்னொரு சொல் இருக்கிறது, அதில் பட்டைகள் லேசாக ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும், ஸ்பினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "அரை உலோகம்" என்று எழுதினால் படிப்பவர் இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்வார். ஹாஃப் மெட்டல் என்றே எழுதுங்கள், வம்பில்லை.

இதை யார் கண்டுபிடித்தது?

1983இல் நெதர்லாந்தில். தெ க்ரோட், ம்யூலர், வான் எங்கன், புஷோ என்ற நால்வர். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் ஸ்பின்ட்ரானிக்ஸ் செய்யப் போகவில்லை, அப்போது அந்தச் சொல்லே புழக்கத்தில் இல்லை. ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் ஒளியால் எழுதிப் படிக்கும் காந்தப் பதிவுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தார்கள். பிளாட்டினம் மாங்கனீஸ் ஆன்டிமனி என்ற சேர்மம் எதிரொளிக்கும் ஒளியின் தளத்தை வழக்கத்துக்கு மாறாக அதிகம் திருப்பியது. ஏன் என்று பட்டை அமைப்பைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அதன் உறவுக்காரரான நிக்கல் மாங்கனீஸ் ஆன்டிமனியில் ஒரு ஸ்பினுக்கு மட்டும் இடைவெளி திறந்து கிடந்தது. "ஹாஃப் மெட்டாலிக் ஃபெர்ரோ காந்தம்" என்ற பெயரையும் அந்தக் கட்டுரையில்தான் வைத்தார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு ஹாய்ஸ்லர் அலாய் என்ற பெயர் அதற்கும் 80 வருடம் முந்தியது. 1903இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஹாய்ஸ்லர், செம்பு, மாங்கனீஸ், அலுமினியம் மூன்றையும் சேர்த்து உருக்கினால் காந்தம் கிடைக்கிறது என்று காட்டினார். மூன்றில் ஒன்றுகூடத் தனியாக ஃபெர்ரோ காந்தம் இல்லை.

ஒரே ஒரு ஸ்பினுக்கு மட்டும் எப்படி இடைவெளி வருகிறது?

இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் கூடி வரவேண்டும். முதலாவது, மாங்கனீஸின் டி ஆர்பிட்டால்கள் ஸ்பினைப் பொறுத்து ஆற்றலில் பலமாகப் பிரிகின்றன. அப் ஸ்பின் நிலைகள் ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே இறங்கி நிரம்பிவிடும், டவுன் ஸ்பின் நிலைகள் மேலே ஏறிக் காலியாக நிற்கும். இது மட்டும் போதாது, இரும்பிலும் இதே பிரிவு உண்டு. இரண்டாவது, பக்கத்து அணுக்களோடு நடக்கும் ஆர்பிட்டால் கலப்பு. நிக்கலின் டி நிலைகளும் மாங்கனீஸின் டி நிலைகளும் கலந்து, பிணைப்பு நிலைகள் கீழே ஒரு கட்டாகவும் எதிர்ப்பிணைப்பு நிலைகள் மேலே ஒரு கட்டாகவும் ஒதுங்குகின்றன. டவுன் ஸ்பினுக்கு ஃபெர்மி மட்டம் சரியாக இந்த இரண்டு கட்டுக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. இடைவெளி ஏறத்தாழ அரை எலக்ட்ரான் வோல்ட்.

படிகச் சமச்சீர் கெட்டால் இந்தக் கலப்பும் கெடும். மேற்பரப்பில் பிரச்சினை வருவதற்கு அடிப்படைக் காரணமும் இதுதான்; அங்கே பாதிப் பக்கத்து அணுக்களே இல்லை.

காந்தத் திருப்புத்திறன் ஏன் முழு எண்ணாக வருகிறது?

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இது, விரலை மடக்கியே போட்டுவிடலாம். நிக்கல் மாங்கனீஸ் ஆன்டிமனியில் ஒரு மூலக்கூறு அலகுக்கு எத்தனை இணைதிறன் எலக்ட்ரான்? நிக்கல் 10, மாங்கனீஸ் 7, ஆன்டிமனி 5, ஆக 22. டவுன் ஸ்பினுக்கு ஃபெர்மி மட்டம் இடைவெளிக்குள் இருப்பதால், கீழே இருக்கிற டவுன் பட்டைகள் எல்லாம் முழுசாக நிரம்பியிருக்கும். பாதி நிரம்பிய பட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆன்டிமனியிலிருந்து வரும் ஒரு எஸ், மூன்று பி, அப்புறம் டி கலப்பிலிருந்து ஐந்து, மொத்தம் 9. அப்போது அப் ஸ்பினில் 13. வித்தியாசம் 4. அளந்தாலும் 4 போர் மேக்னட்டான்தான் வருகிறது.

இதையே பொதுவாக எழுதினால், எலக்ட்ரான் எண்ணிக்கையிலிருந்து 18ஐக் கழித்தால் திருப்புத்திறன். இது மூன்று அணு கொண்ட ஹாஃப் ஹாய்ஸ்லருக்கு. நான்கு அணு கொண்ட ஃபுல் ஹாய்ஸ்லரில் டவுன் பக்கம் 12 நிரம்பும், ஆகவே 24ஐக் கழிக்க வேண்டும். இரண்டு கோபால்ட், ஒரு மாங்கனீஸ், ஒரு சிலிக்கன் சேர்ந்த கோபால்ட் மாங்கனீஸ் சிலிசைடில் 18, 7, 4 கூட்டினால் 29. 24 போக 5. ஸ்லேட்டர் பாலிங் விதி என்று கட்டுரைகளில் பெரிதாகப் படம் போட்டிருப்பார்களே, அதன் உள்ளே இருப்பது இவ்வளவுதான்.

கோபால்ட் மாங்கனீஸ் சிலிசைடுக்குக் கணினியில் போட்ட என் கணக்கில் 5.00 வராமல் 4.97 வருகிறது. தப்பா?

பெரும்பாலும் ஸ்மியரிங் அதிகமாக வைத்திருப்பீர்கள். ஃபெர்மி மட்டத்தைச் செயற்கையாகக் கலங்கடிப்பதுதான் ஸ்மியரிங், இடைவெளியின் விளிம்பு பக்கத்தில் இருந்தால் அந்தக் கலங்கல் இடைவெளிக்கு அந்தப் பக்கத்து நிலையையும் கொஞ்சம் நிரப்பிவிடும். ஸ்மியரிங்கைக் குறைத்து, கே புள்ளிகளை (பட்டைகளைக் கணக்கிடும் மாதிரிப் புள்ளிகள்) கூட்டி மறுபடி ஓட்டுங்கள், அல்லது டெட்ராஹெட்ரான் முறைக்கு மாறுங்கள். அப்போதும் 4.97தான் என்றால் ஃபெர்மி மட்டம் நிஜமாகவே ஏதோ ஒரு டவுன் பட்டையின் நுனியைத் தொடுகிறது, பட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முழு எண் வந்துவிட்டால் ஹாஃப் மெட்டல் என்று எழுதிவிடலாமா?

கூடாது. ஹாஃப் மெட்டல் என்றால் முழு எண், சரி. முழு எண் என்றால் ஹாஃப் மெட்டல் என்று இல்லை. கோபால்ட் இரும்பு சிலிசைடு நல்ல உதாரணம். 30 எலக்ட்ரான், விதிப்படி 6, தாழ்வெப்பநிலையில் அளந்தாலும் கிட்டத்தட்ட 6. கியூரி வெப்பநிலை, அதாவது ஃபெர்ரோ காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை, 1100 கெல்வின். ஆனால் சாதாரண டி.எஃப்.டி. (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துப் பட்டைகளைக் கணக்கிடும் முறை) கணக்கு 6க்குக் கீழேதான் கொடுக்கிறது. டி எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கத்தை யு என்று தனியாகச் சேர்த்தால்தான் 6 வருகிறது, சேர்த்தாலும் ஃபெர்மி மட்டம் இடைவெளியின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. யு மதிப்பை நாமே முடிவு செய்கிறோம் என்பதால் விடையில் நம் கையும் இருக்கிறது, அதை மறக்கக் கூடாது.

ஹாய்ஸ்லர் தவிர வேறு எவை?

குரோமியம் டை ஆக்சைடு. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையில் வைத்திருந்திருக்கலாம், குரோம் கேசட் என்று விற்றதில் பழுப்பு கறுப்பாகப் பூசியிருந்த துகள் இதுதான். (எல்லா குரோம் வகைக் கேசட்டிலும் இல்லை; பின்னாளில் பல கம்பெனிகள் கோபால்ட் சேர்த்த இரும்பு ஆக்சைடுக்கு மாறிவிட்டு அதே வகைப் பெயரில் விற்றன.) பாட்டுப் பதிய வாங்கிய நாடாவில் உலகத்தின் மிகச் சுத்தமான ஸ்பின் மூலங்களில் ஒன்று ஒட்டியிருந்தது யாருக்கும் தெரியாது. இதன் குறை, கியூரி வெப்பநிலை 395 கெல்வின் பக்கம்தான், கொதிக்கும் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தவிர, மேற்பரப்பு சுலபமாக வேறு ஆக்சைடாக மாறிவிடுகிறது.

லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட்டும் இதே கதை, தாழ்வெப்பநிலையில் பிரமாதம், அறை வெப்பநிலையில் மூச்சு வாங்கும். மேக்னடைட், அதாவது சாதாரணக் காந்தக்கல், கணக்குப்படி ஹாஃப் மெட்டல்தான், அதுவும் தலைகீழாக, டவுன் ஸ்பின்தான் கடத்தும். ஆனால் 120 கெல்வினுக்குக் கீழே வெர்வே மாற்றத்தில் மின்தடை எக்கச்சக்கமாக ஏறிவிடுகிறது. இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டில் ஸ்ட்ரான்ஷியம் இரும்பு மாலிப்டினம் ஆக்சைடு 1998இல் பரபரப்பாகப் பேசப்பட்டது. குரோமியம் ஆர்சனைடை காலியம் ஆர்சனைடு மேல் மெல்லிய ஏடாக வளர்த்தது 2000இல்.

இதனால் சாதனத்தில் என்ன லாபம்?

இரண்டு காந்த ஏடுகளுக்கு நடுவில் ஒரு நானோமீட்டர் அளவுக்கு ஒரு காப்பான். இதுதான் டனல் சந்தி. இரண்டு காந்தமும் ஒரே திசையில் இருந்தால் மின்தடை குறைவு, எதிரெதிராக இருந்தால் அதிகம். அதை 0, 1 என்று படித்துக்கொள்ளலாம். அந்த வித்தியாசத்தின் சதவீதம்தான் டி.எம்.ஆர். 1975இல் ஜூலியர் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்: இரண்டு ஏடுகளின் போலரைசேஷனைப் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, ஒன்றிலிருந்து அதே பெருக்குத்தொகையைக் கழித்து வந்ததால் வகுக்க வேண்டும். இரண்டு பக்கமும் 0.4 என்றால் 38 சதவீதம். 0.9 என்றால் 850க்கு மேல். 1 என்றால் கீழே சுழி வந்துவிடுகிறது, அதாவது எதிர்த்திசையில் மின்னோட்டமே இல்லை. கடைசிக் கொஞ்சத்தில்தான் எல்லாப் பணமும் இருக்கிறது; 0.4ஐ 0.5 ஆக்குவதைவிட 0.9ஐ 0.95 ஆக்குவதில் லாபம் பல மடங்கு. ஹாஃப் மெட்டல் பின்னால் எல்லோரும் ஓடியதற்கு இந்த ஒரு வரிச் சூத்திரம்தான் காரணம்.

ஜூலியர் அளந்தது 4.2 கெல்வினில் 14 சதவீதம். அறை வெப்பநிலையில் நம்பும்படியான டி.எம்.ஆர். வந்தது 1995இல்தான், ஜப்பானில் மியாசாகி குழுவும் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜகதீஷ் மூடேரா குழுவும் தனித்தனியாக. மூடேரா பிஎச்.டி. செய்தது சென்னை ஐ.ஐ.டி.யில்.

அப்படியென்றால் இன்றைய ஹார்ட் டிஸ்க்கிலும் எம்ரேமிலும் (காந்தத்தில் பதியும் நினைவகச் சிப்) இதுதான் இருக்கிறதா?

இல்லை, இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. 2001இல் இரண்டு குழுக்கள் கணக்குப் போட்டு, இரண்டு இரும்பு ஏடுகளுக்கு நடுவில் படிகமான மெக்னீசியம் ஆக்சைடை வைத்தால் அது ஒரு சல்லடை போல வேலை செய்யும், குறிப்பிட்ட சமச்சீர் உள்ள எலக்ட்ரான் அலைகளை மட்டும்தான் சுலபமாக விடும் என்றார்கள். அந்தச் சமச்சீரை மட்டும் பார்த்தால் சாதாரண இரும்பே ஹாஃப் மெட்டல் மாதிரி நடக்கிறது! 2004இல் ஐ.பி.எம்.மில் பார்கின் குழுவும் ஜப்பானில் யுவாசா குழுவும் அறை வெப்பநிலையில் 200 சதவீதம் பக்கம் காட்டினார்கள். 2008இல் கோபால்ட் இரும்பு போரானை வைத்து 604 சதவீதம். தொழிற்சாலைகள் இந்தப் பக்கம் போய்விட்டன. ஸ்பட்டரிங்கில் (அயனிகளால் அடித்துத் தெறிக்கும் அணுக்களைப் படியவைக்கும் முறை) வளர்த்துச் சூடாக்கினால் தானாகவே படிகமாகும் பொருளை விட்டுவிட்டு, நான்கு அணுவையும் அதனதன் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டிய ஹாய்ஸ்லருக்கு யார் வருவார்கள்?

ஹாய்ஸ்லரும் சும்மா இல்லை. 2012இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குழு கோபால்ட் மாங்கனீஸ் சிலிசைடையும் மெக்னீசியம் ஆக்சைடையும் சேர்த்து 4.2 கெல்வினில் 1995 சதவீதம் எடுத்தது. ஆனால் அதே சந்தி 290 கெல்வினில் 354.

இரண்டாயிரம் எப்படி முந்நூற்றைம்பது ஆகிறது? கியூரி வெப்பநிலைதான் 985 கெல்வின் இருக்கிறதே?

கியூரி வெப்பநிலை படிகத்தின் உள்பகுதியைப் பற்றிச் சொல்கிறது. டனலிங் நடப்பது ஓரத்தில், காப்பானைத் தொடும் ஓரிரண்டு அணு அடுக்கில். அங்கே காந்தப் பிணைப்பு தளர்ந்திருப்பதால் அந்த அடுக்கின் ஸ்பின்கள் அறை வெப்பநிலையிலேயே ஆட ஆரம்பித்துவிடுகின்றன. அப்புறம் அந்த ஓரத்தில் இடைவெளிக்குள் முளைக்கும் நிலைகள். அப்புறம் இடம் மாறிய அணுக்கள்: மாங்கனீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கோபால்ட் போய் உட்கார்ந்தால் இடைவெளிக்குள் ஒரு திருட்டு நிலை உண்டாகும். ஹொக்கைடோ குழு வேண்டுமென்றே மாங்கனீஸைக் கூடுதலாகப் போட்டு, கோபால்ட்டுக்குக் காலி நாற்காலியே இல்லாமல் செய்தது, அந்த 1995 வந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். இது போக எலக்ட்ரான்களும் ஸ்பின் அலைகளும் மோதிக்கொள்வதால் இடைவெளிக்குள் உண்டாகும் நிலைகளும் உண்டு, சாதாரண டி.எஃப்.டி.யில் அவை தெரியவே தெரியாது.

ஸ்பின் போலரைசேஷனை எப்படி அளப்பது?

ஆண்ட்ரேயெவ் எதிரொளிப்பு எனக்கு எப்போதும் அழகாகத் தோன்றும் சோதனை. நியோபியம் போன்ற மீகடத்தியைக் கூராக்கி, நம் காந்தத்தின் மேல் ஊசி போலத் தொட வைக்கிறோம். மீகடத்திக்குள் எலக்ட்ரான்கள் ஜோடியாகத்தான் போக முடியும், அப் ஒன்று, டவுன் ஒன்று. செம்பாக இருந்தால் உள்ளே போகும் எலக்ட்ரானுக்கு ஜோடி உடனே கிடைத்துவிடும், கடத்துத்திறன் இரட்டிப்பாகும். ஹாஃப் மெட்டலில் ஜோடி கிடையாது, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கடத்துத்திறன் சுழியை நோக்கி விழும். எவ்வளவு விழுகிறது என்பதிலிருந்து போலரைசேஷன். 1998இல் இந்த முறையில் குரோமியம் டை ஆக்சைடு 90 சதவீதம் கொடுத்தது, லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட்டு 78. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நிக்கல் மாங்கனீஸ் ஆன்டிமனி 58தான். ஆனால் பாசிட்ரானை (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) உள்ளே அனுப்பி உள்பகுதியைப் பார்த்த பழைய சோதனை அதே பொருளை ஹாஃப் மெட்டல் என்றுதான் சொன்னது. உள்ளே ஒன்று, தோலில் ஒன்று.

மீகடத்தி வேண்டுமென்பதால் இந்த முறை ஹீலியக் குளிரில்தான் நடக்கும். அறை வெப்பநிலைக்கு ஸ்பின் பிரித்துப் பார்க்கும் ஒளி உமிழ்வு முறை இருக்கிறது. 2014இல் ஜெர்மனியின் மைன்ஸில் கோபால்ட் மாங்கனீஸ் சிலிசைடின் மேற்பரப்பில் அறை வெப்பநிலையில் 93 சதவீதம் பார்த்தார்கள். ஆகவே யாராவது ஒரு சதவீதம் சொன்னால் எந்த வெப்பநிலை, உள்ளேயா ஓரத்திலா, எந்த முறை என்று மூன்றையும் கேளுங்கள்.

காந்தத் திருப்புத்திறனே சுழியாக இருக்கும் ஹாஃப் மெட்டல் உண்டா?

உண்டு. உள்ளே இரண்டு அணிகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், ஆனாலும் மின்னோட்டம் ஒரே ஸ்பின்னில் ஓடும். 1995இல் கணக்கில் வந்தது, மாங்கனீஸ் ருத்தேனியம் காலியம் ஏட்டில் 2014இல் டப்ளினில் செய்து காட்டினார்கள். வெளியே கசியும் காந்தப் புலம் இல்லாததால் பக்கத்து பிட்டைத் தொந்தரவு செய்யாது.

லேபில் செய்து பார்க்க வேண்டும். எங்கே அடி வாங்குவோம்?

ஆர்க் மெல்ட்டிங்கில் மாங்கனீஸ் ஆவியாகிப் போய்விடும். எடை போடும்போதே ஓரிரு சதவீதம் கூடுதலாகப் போடுங்கள், உருக்கி முடித்த பிறகு மறுபடி எடை பாருங்கள். உருகி உறைந்த பட்டன் போன்ற கட்டியைத் திருப்பிப் போட்டு நான்கைந்து முறை உருக்கி, குவார்ட்ஸ் குழாயில் வெற்றிடமாக மூடி, சில நாட்கள் சூட்டில் வையுங்கள்.

அடுத்தது எக்ஸ்.ஆர்.டி., அதாவது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவால் படிக அமைப்பைப் பார்ப்பது. என் முதல் கோபால்ட் மாங்கனீஸ் சிலிசைடு மாதிரியை எடுத்தபோது பின்னணி இரைச்சல் மலை மாதிரி எழுந்து நின்றது, மாதிரிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் வீணாக்கினேன். மாதிரியில் ஒன்றும் இல்லை. செம்பு எக்ஸ் கதிர் கோபால்ட்டைத் தாக்கினால் கோபால்ட் தானே எக்ஸ் கதிர் வீசும், அதுதான் அந்த மலை. அதைவிட மோசம், கோபால்ட்டும் மாங்கனீஸும் எக்ஸ் கதிருக்கு ஏறத்தாழ ஒரே மாதிரித் தெரியும். 111 வரி அழகாக வந்திருக்கிறதே என்று சந்தோஷப்படலாம், ஆனால் கோபால்ட்டும் மாங்கனீஸும் இடம் மாறியிருந்தால் அது காட்டிக்கொடுக்காது. நியூட்ரானுக்குத்தான் தெரியும், மாங்கனீஸின் சிதறல் நீளம் எதிர்மறை, கோபால்ட்டுடையது நேர்மறை. நம் ஊரில் அதற்கு டிராம்பேயில் உள்ள துருவா உலையில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

கணினியில் மட்டும் செய்தால் போதாதா?

பேப்பர் வந்துவிடும். நான்கு தனிமங்களை மாற்றி மாற்றிப் போட்டு, "புதிய ஹாஃப் மெட்டல்" என்று வந்த கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை, அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் உலையில் வைத்ததே இல்லை. குறைந்தபட்சம் உருவாக்க ஆற்றலையும் ஃபோனானையும் (படிக அணுக்களின் அதிர்வு) பாருங்கள், அந்தக் கலவை வேறு இரண்டு சேர்மமாகப் பிரிந்துபோகுமா என்றும் பாருங்கள். கனமான அணு இருந்தால் ஸ்பின் ஆர்பிட் பிணைப்பைச் சேருங்கள், அது இரண்டு ஸ்பினையும் லேசாகக் கலந்துவிடும் என்பதால் கறாரான 100 எங்குமே கிடையாது. இரண்டு அணுவை இடம் மாற்றிப் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். இடைவெளி அப்போதும் நின்றால் அது பேசத் தகுந்த பொருள்.

முதல் கணக்கு எதில் தொடங்கலாம்?

நிக்கல் மாங்கனீஸ் ஆன்டிமனி. மூன்றே அணு, லாட்டிஸ் அளவு 5.92 ஆங்ஸ்ட்ராம், லேப்டாப்பிலேயே ஓடும், குவான்டம் எஸ்பிரஸ்ஸோ என்ற மென்பொருள் இலவசம். மாங்கனீஸை மூலையிலும், ஆன்டிமனியைப் பாதியிலும் (மூன்று அச்சிலும் 0.5), நிக்கலைக் காலிலும் (0.25) வையுங்கள். 4.00 வராவிட்டால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் அந்தக் கால் இடத்தில் எந்த அணு இருக்கிறது என்று பாருங்கள். பத்தில் ஏழு மெயிலில் அங்கே மாங்கனீஸ் உட்கார்ந்திருக்கும்.